வீட்டோடு வேலைக்கு வருகிறவர்கள்

அமெரிக்காவில் கேம்பர் வேன் வைத்திருப்பவர்களுக்கென்றே தனியாக வேலை விளம்பரங்கள் வருகின்றன. இதற்காகவே ‘ஒர்க்கேம்பர் நியூஸ்’ என்றொரு பத்திரிகை 1987 முதல் நடக்கிறது. விளம்பரங்களின் வாசகம் ஏறக்குறைய ஒரே அச்சு. கணவனும் மனைவியுமாக வந்தால் முன்னுரிமை. கழிப்பறை கழுவ வேண்டும், புல் வெட்ட வேண்டும், முகாமுக்கு வருகிறவர்களிடம் கட்டணம் வாங்கிப் போட வேண்டும். வண்டி நிறுத்த இடமும், தண்ணீர், மின்சாரம், கழிவுநீர்க் குழாய் இணைப்பும் இலவசம். முடிவில் ஒரு நிபந்தனை: சொந்த ஆர்.வி. கட்டாயம். கேம்பர் வேன், மோட்டார் ஹோம், காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் டிரெய்லர் எல்லாவற்றுக்கும் அங்கே பொதுப்பெயர் ஆர்.வி. ஆக, வேலைக்கு வருகிறவர் தன் வீட்டையும் ஓட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும்.

இந்த வண்டிகளை நம்மில் பலர் பார்த்திருப்பது யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும்தான். பின்கதவைத் திறந்தால் கடல், மெத்தையில் ஒரு நாய், கையில் காபி. நியூயார்க்கில் ஆடை வடிவமைப்பாளராக இருந்த ஃபாஸ்டர் ஹண்டிங்டன் 2011-ல் வேலையை விட்டுவிட்டுப் பழைய ஃபோக்ஸ்வேகன் வேன் ஒன்றில் குடியேறினார். ‘வேன்லைஃப்’ என்ற ஹேஷ்டேகோடு அவர் போடத் தொடங்கிய படங்களிலிருந்துதான் இந்தக் காட்சி உலகம் முழுக்கப் பரவியது. பார்க்கிறவர்களுக்கு முதலில் எழும் கேள்வி நியாயமானது: இவர்கள் சோற்றுக்கு என்ன செய்கிறார்கள்? அந்த வீடியோக்களில் தேடினால் பதில் கிடைக்காது. வீடியோ எடுப்பதே அவர்களில் பலருடைய தொழில். மற்றவர்கள் வீடியோ எடுக்க நேரமில்லாத வேலைகளில் இருக்கிறார்கள்.

முதலில் ஒரு கூட்டத்தைத் தனியே பிரித்துவிட வேண்டும். ஆர்.வி. உற்பத்தியாளர் சங்கம் 2021-ல் வெளியிட்ட ஆய்வின்படி 1.12 கோடி அமெரிக்கக் குடும்பங்களிடம் இந்த வண்டி இருந்தது. அந்த ஆண்டில் மட்டும் 6 லட்சம் புதிய வண்டிகள் தொழிற்சாலைகளிலிருந்து வெளியேறின. பெரும்பாலானவை இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் வட்டாரத்தில் செய்யப்பட்டவை. அந்த ஆய்வின்படி வண்டி வைத்திருந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்டுக்குச் சுமார் 20 நாள்தான் ஓட்டினார்கள். ஆசிரியர், கணக்கர், ஓய்வுபெற்ற ராணுவ வீரர் என்று அவர்கள் யாராகவும் இருக்கலாம். வீடு வேறு, வேலை வேறு, வண்டி கோடை விடுமுறைக்கு. அவர்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வண்டியைத் தவிர வேறு வீடில்லாதவர்கள் சுமார் 10 லட்சம் பேர் என்று வழக்கமாகச் சொல்லப்படுகிறது. இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது.

அவர்களுக்குள்ளும் நன்றாகச் சம்பாதிப்பவர்கள் உண்டு. ஒப்பந்த நர்ஸ்கள் ஓர் எடுத்துக்காட்டு. அமெரிக்க மருத்துவமனைகள் ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்க வழக்கமாக 13 வார ஒப்பந்தத்தில் வெளியூர் நர்ஸ்களை எடுக்கின்றன. 13 வாரத்துக்கு வாடகை வீடு கிடைப்பது கடினம், கிடைத்தாலும் விலை அதிகம். ஆகவே டிரெய்லரை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்து ஆர்.வி. பார்க்கில் நிறுத்திவிட்டுப் பணிக்குப் போகிறார்கள். குழாய்ப்பாதை வெல்டர்களும் அப்படித்தான். வெல்டிங் எந்திரம் ஏற்றிய சொந்த லாரி, குடும்பம் தங்க ஒரு டிரெய்லர், வேலை முடிந்தால் அடுத்த மாநிலம். அணுமின் நிலையங்களில் 18 அல்லது 24 மாதங்களுக்கு ஒருமுறை எரிபொருள் மாற்ற உலையை நிறுத்துவார்கள். அப்போது சில வாரங்களுக்கு நூற்றுக்கணக்கான பிட்டர்களும் எலக்ட்ரீஷியன்களும் வந்து இறங்குவார்கள். அவர்களிலும் பலர் டிரெய்லர்வாசிகள். திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு வடமாநிலங்களுக்குப் போய், வண்டியோரமே சமைத்துச் சாப்பிட்டுப் படுத்தெழும் தொழிலாளர்களை அறிந்த நமக்கு இது புரியாத வாழ்க்கையல்ல. கூலியில்தான் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

நர்ஸ்கள் விஷயத்தில் வருமான வரிச் சட்டம் செய்யும் ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். ஒப்பந்தத்தில் தங்குமிடப் படி என்று ஒரு தொகை வரும். நிரந்தர ஊரில் உங்களுக்கென்று ஒரு வீடு இருந்து, அதற்கும் செலவு செய்துகொண்டு, வேலைக்காக இன்னொரு ஊரில் தங்கினால் அந்தப் படிக்கு வரி இல்லை. வீடே இல்லை, வண்டிதான் எல்லாம் என்றால் வரித்துறையின் கணக்கில் நீங்கள் நாடோடி. போகுமிடமெல்லாம் உங்கள் ஊர்தான், ஆகவே நீங்கள் எங்கும் வெளியூரில் தங்கவில்லை, படி முழுவதும் வரிக்குரிய வருமானம். இரண்டு கூரை இருப்பவருக்குச் சலுகை, ஒரே கூரை அதுவும் சக்கரத்தில் ஓடுகிறவருக்கு வரி. சட்டத்தின் தர்க்கம் பிசகில்லாதது, விளைவுதான் விபரீதம்.

மடிக்கணினியோடு வேலை செய்கிறவர்கள் பெருந்தொற்றுக் காலத்துக்குப் பின் கூடியிருக்கிறார்கள். 2022 மே மாதத்தில் ஸ்டார்லிங்க் நிறுவனம் ஆர்.வி.களுக்கென்றே இணைய இணைப்பு தரத் தொடங்கிய பிறகு, பாலைவனத்தில் உட்கார்ந்து மென்பொருள் எழுதுவது சாத்தியமாகிவிட்டது. வண்டி பழுது பார்க்கக் கற்றுக்கொண்டு ஊர் ஊராகப் போய்ச் சக பயணிகளின் குளிர்பெட்டியையும் சோலார் பேனலையும் சரிசெய்து பிழைக்கிறவர்களும் உண்டு. டெக்சாஸின் ஏதென்ஸ் நகரில் இதற்குப் பயிற்சிப் பள்ளியே இருக்கிறது. இவர்களுக்கு வண்டி விருப்பத் தேர்வு. நாளை வேண்டாமென்றால் ஒரு வீட்டுக்கு முன்பணம் கொடுக்க இவர்களால் முடியும்.

முடியாதவர்கள்தான் அந்த விளம்பரங்களுக்கு விண்ணப்பிக்கிறார்கள். அவர்களில் பெரும் பகுதி அறுபது வயதைக் கடந்தவர்கள். ஏன் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் 1935-ல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டம் முதுமைக்கு ஓய்வூதியம் தருகிறது. 2024-ன் தொடக்கத்தில் ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவருக்குச் சராசரியாக மாதம் 1,900 டாலர் கிடைத்தது. 2023-ல் நாட்டின் நடுத்தர வீட்டு வாடகை மாதம் 1,406 டாலர். மிச்சத்தில் சாப்பாடு, மருந்து, கார். அதுவும் சராசரிக்காரருக்குத்தான். பாதி வாழ்க்கையைப் பிள்ளை வளர்ப்பதிலும் பகுதிநேரச் சம்பளத்திலும் கழித்த பெண்களுக்கு வருவது இன்னும் குறைவு. 62 வயதிலேயே ஓய்வூதியம் கேட்டால் 30 சதவீதம் வரை வெட்டு விழும். முன்பெல்லாம் நிறுவனங்களே ஆயுள் முழுக்க ஓய்வூதியம் தந்தன. 1978-ன் வரிச் சட்டம் திறந்துவிட்ட வழியில் அது மெல்ல மறைந்து, தொழிலாளி தானே சேமித்துப் பங்குச் சந்தையில் போடும் ‘401-கே’ கணக்கு அந்த இடத்துக்கு வந்தது. 2008-ல் சந்தை விழுந்தபோது அந்தக் கணக்கும் விழுந்தது. வீட்டின் விலையும் சேர்ந்தே விழுந்தது.

நெவாடா மாநிலத்தில் எம்பயர் என்றொரு ஊர் இருந்தது. ஜிப்சம் பலகை செய்யும் ஒரே ஆலை, அந்த ஆலைக்குச் சொந்தமான வீடுகள். வீடு கட்டுவது நின்றால் ஜிப்சம் பலகை யாருக்கு வேண்டும்? 2011 ஜனவரியில் ஆலை மூடப்பட்டது. குடியிருந்தவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள். அந்த ஊரின் 89405 என்ற அஞ்சல் குறியீட்டையே அரசு எடுத்துவிட்டது. ஜெசிகா ப்ரூடர் என்ற பத்திரிகையாளர் வண்டிகளில் வாழும் முதியவர்களோடு சுற்றி 2017-ல் எழுதிய ‘நோமட்லேண்ட்’ புத்தகத்தில் இந்த ஊர் வருகிறது. க்ளோயி ஜாவ் இயக்கிய படமும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. 2021-ல் சிறந்த படம், இயக்கம், நடிகை என்று மூன்று ஆஸ்கர் வாங்கிய அந்தப் படத்தில் கதாநாயகி ஃபிரான்சஸ் மெக்டார்மண்ட். ஆனால் அவரைச் சுற்றி இருந்த பலர் நடிகர்கள் இல்லை, வண்டிகளில் வாழ்கிறவர்களே தாங்களாகத் தோன்றினார்கள். அதிலிருக்கும் பாலைவன அந்திகளை எல்லோரும் புகழ்ந்தார்கள். அதே படம் காட்டிய அமேசான் கிடங்கைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

அந்தக் கிடங்கின் கதை 2008-லேயே தொடங்கிவிட்டது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய மூன்று மாதங்களில் அமேசானுக்கு ஆள் போதாது. கான்சாஸ் மாநிலத்தின் காஃபிவில் கிடங்கில் ஆர்.வி.வாசிகளை வைத்து ஒரு சோதனை செய்து பார்த்தார்கள். சரிவந்தது. ‘கேம்பர்ஃபோர்ஸ்’ என்று பெயர் வைத்து நெவாடா, கென்டக்கி, டெக்சாஸ் என்று விரித்தார்கள். மணிக்கூலி, முகாம் கட்டணம், பருவம் முடியும்வரை ஓடிப்போகாமல் இருந்தால் ஒரு போனஸ். வேலை, கான்கிரீட் தளத்தில் நடந்து நடந்து அலமாரிகளிலிருந்து பொருளை எடுப்பதும் வைப்பதும். ஒரே ஷிஃப்டில் 20 கிலோமீட்டருக்கு மேல் நடந்ததாக அறுபது எழுபது வயதுக்காரர்கள் ப்ரூடரிடம் சொன்னார்கள். கிடங்கின் சுவரில் இலவச வலி மாத்திரை தரும் பெட்டி இருந்ததையும் அவர் எழுதியிருக்கிறார். வலிக்கும் என்று தெரிந்தே மாத்திரையை முன்கூட்டி வைத்த நிர்வாகத்தின் தொலைநோக்கை மெச்சத்தான் வேண்டும்.

முதியவர்களை ஏன் இப்படித் தேடினார்கள்? மலிவு என்பது பாதிக் காரணம். நாற்பது ஆண்டு வேலை பார்த்தவர்கள் நேரத்துக்கு வருவார்கள், லீவு போட மாட்டார்கள், சங்கம் வைக்கும் அளவுக்கு ஒரே ஊரில் இருக்கவும் மாட்டார்கள். ஜனவரியில் வேலை முடிந்ததும் தாங்களே வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார்கள். ஆள்குறைப்பு என்ற கெட்ட பெயர் நிறுவனத்துக்கு வராது, உள்ளூர் நிர்வாகத்துக்கு வேலையில்லாத் திண்டாட்டம் என்ற தலைவலியும் இல்லை. இதற்கு ஓய்வூதிய விதியும் தோதாக அமைந்திருக்கிறது. முழு ஓய்வு வயதுக்கு முன்பே ஓய்வூதியம் வாங்குகிறவர் 2024-ல் ஆண்டுக்கு 22,320 டாலருக்கு மேல் சம்பாதித்தால், மேலே வரும் ஒவ்வொரு 2 டாலருக்கும் ஓய்வூதியத்தில் 1 டாலர் நிறுத்தி வைக்கப்படும். ஆகவே ஆண்டு முழுக்க வேலை பார்ப்பதைவிட மூன்று மாதம், ஐந்து மாதம் என்று பருவத்துக்குப் பார்ப்பதே அவர்களுக்கு லாபம். கேம்பர்ஃபோர்ஸை அமேசான் சில ஆண்டுகளுக்கு முன் கைவிட்டுவிட்டது. கிடங்குகள் பெருநகரங்களுக்கு அருகே வந்துவிட்டன, ரோபோக்களும் வந்துவிட்டன.

பீட்ரூட் மட்டும் இன்னும் ஆளைக் கேட்கிறது. நாம் பொரியல் செய்யும் சிவப்புக் கிழங்கு இல்லை, சர்க்கரை எடுக்கும் வெள்ளை பீட்ரூட். மினசோட்டாவுக்கும் வடக்கு டகோட்டாவுக்கும் நடுவே ரெட் நதிப் பள்ளத்தாக்கில் அது பரந்து விளைகிறது. 1973-ல் விவசாயிகளே வாங்கிக் கூட்டுறவாக்கிய அமெரிக்கன் கிரிஸ்டல் சுகர் நிறுவனம் அங்கே அரசன். அக்டோபர் முதல் தேதி வாக்கில் பெருவெட்டு தொடங்கும். இரவு பகல் நிற்காது. இரண்டே வாரம், 12 மணி நேர ஷிஃப்ட். லாரி வரும், ஒரு ராட்சத எந்திரத்தில் கிழங்கைக் கொட்டும், எந்திரம் மண்ணை உதறிவிட்டுக் கிழங்கை நீண்ட கை வழியாக மலைபோலக் குவிக்கும். கூரையில்லாத வெட்டவெளியில் அந்தக் குவியல் குளிர்காலம் முழுக்கக் கிடக்கும். வடக்கின் குளிரே அதற்குக் குளிர்பதனக் கிடங்கு, ஆலை வசந்தகாலம் வரை எடுத்து எடுத்து அரைக்கும்.

இதில்தான் வேலையின் சூட்சுமம் இருக்கிறது. கிழங்கின் உள்சூடு கூடினால் குவியல் அழுகிவிடும், ஆகவே வெயில் ஏறினால் வெட்டை நிறுத்திவிடுவார்கள். மண்ணுக்குள்ளேயே உறைந்துபோனாலும் குவிக்க முடியாது, அப்போதும் நிறுத்தம். மழை வந்தால் லாரி சேற்றில் மாட்டும், அதற்கும் நிறுத்தம். இந்த நிச்சயமின்மையைத் தாங்கிக்கொண்டு, கூப்பிட்ட நேரத்துக்கு வர, கூப்பிடாத நேரத்தில் வண்டிக்குள் காத்துக் கிடக்க ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேண்டும். சிறு ஊர்கள், வாடகை வீடு கிடையாது, அக்டோபரில் உறைபனி வேறு. உள்ளூர் இளைஞர் இரண்டு வார வேலைக்கு நிரந்தர வேலையை விட மாட்டார். வீட்டோடு வருகிறவரைத் தவிர வேறு யார் வருவார்? கூலி மோசமில்லை, ஓவர்டைம் சேர்ந்தால் இரண்டு வாரத்தில் இரண்டு மாதச் செலவுக்குத் தேறும். லாரியை வழிகாட்டி நிறுத்துவது, சர்க்கரைச் சத்து பார்க்க மாதிரி எடுப்பது, எந்திரத்தில் சிக்கிய மண்ணைச் சுரண்டுவது என்று நள்ளிரவுக் குளிரில் நிற்கும் அவர்களில் தாத்தாக்களும் பாட்டிகளும் இருக்கிறார்கள். இருந்தாலும், இந்தத் தொழில்களில் கூலியைக் கூலியாகக் கொடுக்கும் நேர்மை பீட்ரூட்டில் இருக்கிறது என்றே சொல்வேன்.

தெற்கு டெக்சாஸின் எண்ணெய் வயல்களில் அந்த நேர்மை குறைவு. ஈகிள் ஃபோர்டு பாறைப்படுகையில் எண்ணெய் தோண்டத் தொடங்கியபோது, பண்ணை வாசல்களில் காவலுக்கு ஆர்.வி. தம்பதிகளை வைத்தார்கள். வரும் லாரியின் எண்ணைக் குறிக்க வேண்டும், போகும் லாரியின் எண்ணைக் குறிக்க வேண்டும். கணவன் பகல், மனைவி இரவு. 24 மணி நேரத்துக்கும் சேர்த்து இருவருக்கும் ஒரு நாள் சம்பளம். ஜெனரேட்டரும் தண்ணீர்த் தொட்டியும் நிறுவனம் தரும். இவர்கள் ஊழியர்கள்தான், குறைந்தபட்சக் கூலியும் ஓவர்டைமும் பாக்கி என்று சொல்லி ஒரு காவல் நிறுவனத்திடம் அமெரிக்கத் தொழிலாளர் துறை 2010-ல் 60 லட்சம் டாலருக்கு மேல் கேட்டது. நிறுவனம் வழக்குப் போட்டது. அவர்கள் ஊழியர்கள் அல்ல, தனி ஒப்பந்ததாரர்கள் என்று 2013-ல் தீர்ப்பு வந்தது. 2015-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் துறையின் விசாரணை நடத்தையையே கண்டித்து, வழக்குச் செலவையும் கட்டச் சொன்னது. துறை அவசரப்பட்டது, சொதப்பியது என்பது உண்மை. அதற்காக, இரவெல்லாம் மணியோசைக்கு எழுந்து கதவு திறக்கும் பாட்டியை ஒப்பந்ததாரர் என்று அழைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இனி நாம் தொடக்கத்தில் பார்த்த முகாம் வேலைக்கு வருவோம். தேசியப் பூங்காக்களில் தன்னார்வலர் திட்டம் 1970 முதல் இருக்கிறது. யெல்லோஸ்டோனில் வழிசொல்லிக் கொடுத்து, பதிலுக்கு வண்டி நிறுத்த இடம் வாங்கிக்கொள்வதில் பிழையில்லை. அது தொண்டு, செய்கிறவருக்கும் தெரியும். லாபத்துக்கு நடக்கும் தனியார் முகாம்களில் கணக்கு வேறு. ஒரு பேச்சுக்கு, வாரம் ஆளுக்கு 20 மணி நேரம் வேலை, பதிலுக்கு மாதம் 600 டாலர் மதிப்புள்ள நிறுத்துமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் சேர்ந்து மாதம் 173 மணி நேரம் உழைக்கிறார்கள். மணிக்கு மூன்றரை டாலர்கூடத் தேறவில்லை. கூட்டரசின் குறைந்தபட்சக் கூலி 7.25 டாலர். அதுவே 2009 ஜூலைக்குப் பிறகு உயரவில்லை. தங்குமிடத்தைக் கூலியில் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அந்த ஏற்பாடு முக்கியமாக முதலாளியின் வசதிக்கானது என்றால் கழிக்கக் கூடாது என்பதும் விதி. இரவில் முகாமில் ஆள் இருக்க வேண்டும் என்பது யாருடைய வசதி?

அதே சட்டத்தில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. ஆண்டில் 7 மாதத்துக்கு மேல் இயங்காத பொழுதுபோக்கு நிறுவனங்களுக்குக் கூட்டரசின் குறைந்தபட்சக் கூலியிலிருந்தும் ஓவர்டைமிலிருந்தும் விலக்கு. கோடைக்கால முகாம்களுக்கும் பொழுதுபோக்குப் பூங்காக்களுக்கும் அளவெடுத்துத் தைத்த விலக்கு இது. 2016 ஜூனில் ஐயோவா மாநிலப் பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றில், தண்ணீர்ச் சவாரியிலிருந்து பயணிகளை இறக்கிக்கொண்டிருந்த 68 வயது ஊழியர் கன்வேயர் பெல்ட்டில் விழுந்து இறந்தார். மனைவியோடு ஆர்.வி.யில் வந்து பருவ வேலைக்குச் சேர்ந்தவர். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. மாநிலம் பூங்காவுக்கு விதித்த அபராதம் 4,500 டாலர்.

வண்டியில் வாழ்கிறவர் எல்லோரும் ஊர் ஊராகப் போகிறவர்கள் இல்லை. கலிஃபோர்னியாவின் மவுண்டன் வியூவில், கூகுள் தலைமையகம் இருக்கும் ஊரில், கிரிசான்டோ அவென்யூவில் வரிசையாகப் பழைய ஆர்.வி.கள் நின்றதை அங்கே வேலைக்குப் போயிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பார்த்திருப்பார்கள். உள்ளே இருந்தவர்கள் தோட்டக்காரர்கள், சமையல்காரர்கள், கட்டட வேலையாட்கள், வீடு சுத்தம் செய்கிறவர்கள். அந்த ஊரை ஓட வைக்கிறவர்கள், அந்த ஊரில் வாடகை கொடுக்க முடியாதவர்கள். சிலருக்கு அந்த வண்டிகூடச் சொந்தமில்லை. ஓடாத ஆர்.வி.களைக் கொண்டுவந்து தெருவில் நிறுத்தி மாத வாடகைக்கு விடும் வேன் முதலாளிகள் என்றொரு வர்க்கம் கலிஃபோர்னியாவில் முளைத்திருக்கிறது. 2020 நவம்பரில் மவுண்டன் வியூ வாக்காளர்கள், குறுகலான தெருக்களில் பெரிய வண்டிகளை நிறுத்தத் தடைவிதிக்கும் தீர்மானத்தை நிறைவேற்றினார்கள். அதற்கு ஐந்தாண்டு முன்பு, 2015-ல், கூகுளில் புதிதாகச் சேர்ந்த 23 வயதுப் பொறியாளர் ஒருவர் 10,000 டாலருக்குப் பழைய லாரி வாங்கி, நிறுவனத்தின் வாகன நிறுத்துமிடத்திலேயே வாழ்ந்து, குளிப்பதும் சாப்பிடுவதும் அலுவலகத்தில் என்று வைத்துக்கொண்டார். பத்திரிகைகள் அவருடைய சிக்கனத்தை மெச்சி எழுதின. ஒரே ஊர், ஒரே மாதிரி வாழ்க்கை. பொறியாளர் செய்தால் புத்திசாலித்தனம், சமையல்காரர் செய்தால் தெருவுக்கு இடைஞ்சல்.

2024 ஜூனில் கிராண்ட்ஸ் பாஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் சொன்ன தீர்ப்பும் இதையொட்டியதுதான். போக வேறிடம் இல்லாதவர்களானாலும், பொது இடத்தில் முகாமிட்டுத் தூங்கினால் நகரங்கள் தண்டிக்கலாம், அது அரசமைப்புக்கு விரோதமில்லை என்றது நீதிமன்றம். அதன் பிறகு எத்தனையோ நகரங்கள் விதிகளை இறுக்கிக்கொண்டிருக்கின்றன.

இவ்வளவுக்கும் இவர்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்களே என்று ஒரு கேள்வி வரும். பலர் உண்மையிலேயே மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறார்கள், அதை மறைப்பது நேர்மையாகாது. பாப் வெல்ஸ் 1995 வாக்கில் மணமுறிவுக்குப் பிறகு, அலாஸ்காவில் சூப்பர் மார்க்கெட் ஊழியர் சம்பளத்தில் இரண்டு குடும்பம் நடத்த முடியாமல் 1,500 டாலருக்கு ஒரு பெட்டி வேன் வாங்கி அதில் குடிபோனார். முதலில் அழுததாக அவரே சொல்லியிருக்கிறார். பிறகு இதுதான் தன் வாழ்க்கை என்று தேறி, மற்றவர்களுக்கு வழிகாட்டத் தொடங்கினார். 2011-ல் அரிசோனாவின் குவார்ட்சைட் பாலைவனத்தில் அவர் கூட்டிய கூட்டத்துக்குச் சில பத்துப்பேர் வந்தார்கள், சில ஆண்டுகளில் அது ஆயிரக்கணக்கானது. அங்கே அரசு நிலத்தில் குளிர்காலம் முழுக்க, ஏழு மாதம், வண்டி நிறுத்தக் கட்டணம் பல ஆண்டுகளாக 180 டாலராக இருந்தது. 1978-ல் தொடங்கி, டெக்சாஸின் லிவிங்ஸ்டனிலிருந்து இயங்கும் எஸ்கேப்பீஸ் சங்கம், உறுப்பினர்களுக்குக் கடித முகவரி தருவதோடு, ஓட்ட முடியாத வயதுக்கு வந்தவர்கள் தங்கள் வண்டியிலேயே தங்கியபடி சாப்பாடும் பராமரிப்பும் பெற ஓர் இல்லமும் நடத்துகிறது. பிள்ளைகள் செய்யாததை இவர்கள் தங்களுக்குள் செய்துகொள்கிறார்கள். அந்தத் தோழமையை நான் மதிக்கிறேன். ஆனால் ஒருவர் தன் நிலைமையோடு சமாதானம் செய்துகொண்டார் என்பது அவருக்குக் குறைந்த கூலி கொடுப்பதற்கான நியாயம் ஆகாது.

யார் எதை மிச்சம் பிடிக்கிறார்கள் என்று பார்த்தால் போதும். மெக்சிகோவிலிருந்தோ ஜமைக்காவிலிருந்தோ எச்-2ஏ என்ற பருவகால விசாவில் பண்ணை வேலைக்கு ஆள் அழைத்துவரும் அமெரிக்க முதலாளி, அவருக்கு இலவசமாகத் தங்குமிடம் தர வேண்டும். வந்துபோகும் செலவையும் ஏற்க வேண்டும். கூட்டரசுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. தங்குமிடம் சட்டப்படியான தரத்தில் இருக்க வேண்டும், ஆய்வும் உண்டு. வண்டியோடு வரும் உள்நாட்டு முதியவரை மட்டும் எடுத்தால் இந்தக் கடமைகள் எதுவும் கிடையாது. கட்டில் போட வேண்டாம், கூரை ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டாம், ஆயிரம் மைல் டீசல் செலவும் அவருடையது. வண்டியின் கடன், காப்பீடு, தேய்ந்த டயர், ஒழுகும் குழாய் எல்லாம் தொழிலாளியின் தலையில். முதலாளி கொடுப்பது ஒரு மின்சாரப் பெட்டியும் ஒரு தண்ணீர்க் குழாயும். அதையும் சம்பளமாகக் கணக்கில் எழுதிக்கொள்கிறார்.

இந்த ஏற்பாட்டைத் திருத்தப் புதிய தத்துவம் எதுவும் தேவையில்லை. எச்-2ஏ தொழிலாளிக்கு இருக்கும் விதியை ஆர்.வி. தொழிலாளிக்கும் நீட்டினால் போதும். சொந்த வண்டி கட்டாயம் என்று விளம்பரம் செய்கிறவர் அந்த வண்டிக்கு வாடகையும் வந்துபோக எரிபொருள் செலவும் கூலிக்கு மேல் தனியாகத் தர வேண்டும். ஏழு மாத விலக்கை அமெரிக்க நாடாளுமன்றம் நீக்க வேண்டும். நிறுத்துமிடத்தைக் கூலியாகக் காட்டும் முகாம்களின் கணக்குப் புத்தகத்தைத் தொழிலாளர் துறை ஒருமுறை, இந்தத் தடவையாவது ஒழுங்காக, எடுத்துப் பார்க்க வேண்டும்.